முதல் தரக் கரி

என் கணவர் மருதப்பன் புறப்பட்ட காலையில் அவர் சட்டைக் கழுத்தில் ஒரு பொத்தல் விழுந்தது. என் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தெறித்த பொறி.

"போகட்டும் விடு. கடல்ல யாரு கழுத்தப் பாக்கப் போறா?" என்று அதையே மாட்டிக்கொண்டார்.

பெட்டியில் கிடந்தது தூள் கரி. அதுதான் பொறி கக்கும். நல்ல கரி எங்கும் இல்லை. அறுபத்து மூன்றில் இந்தோனேசியா நம்மோடு வியாபாரத்தை நிறுத்திய பிறகு, எதிரே இருந்த அவர்கள் தீவுகளிலிருந்து கரி ஏற்றிவந்த படகுகள் வரவில்லை. எங்கள் தெருவான கெர்பாவ் சாலையின் சாப்பாட்டுக் கடைகள் பாதி அடுப்போடு நடந்தன.

நான் துணி தேய்த்துப் பிழைப்பவள். எங்கிருந்தாவது கரி கொண்டுவரச் சொல்லி இரண்டு வாரம் அவரை அரித்தவளும் நான்தான்.

கரிக்கடை முதலாளி முத்துசாமி தீவுக்கு ஒரு படகைத் திருட்டுத்தனமாக ஏற்பாடு செய்து, தானும் ஏறினார். சரக்கைப் பார்த்து எடுக்க, அவர் கடையில் வேலை செய்த என் கணவர் போனார்.

இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்றால் நன்றாக வெந்த கரி. மொத்தென்றால் உள்ளே பச்சை மரம். அவர் காது தவறியதில்லை.

வெந்ததா என்பதை ஓசை சொல்லும். ஆறியதா என்பதைச் சொல்லாது. அந்தப் படகில் ஏற்றியது சூளையிலிருந்து அவசரமாக வாரிய கரி.

மூன்றாம் நாள் அவர் உடல் வந்தது. முகத்தில் ஒரு காயமில்லை. விரல் முட்டிகளில் மட்டும் தோல் உரிந்திருந்தது. மூட்டை தூக்கியதில் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தெரு முழுக்க அன்று மூட்டினார்கள். அவர் கொண்டுவந்த கரியில் மீன் பொரிக்கும் வாசனை எங்கள் கூடம்வரை வந்தது.

பதினாறாம் நாள் முத்துசாமி ஒரு மூட்டைக் கரியோடு வந்தார். படகோட்டி ரவூப் அதைத் தூக்கிவந்து பின்கட்டில் இறக்கினார்.

முத்துசாமி இலைமுன் உட்கார்ந்து மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கினார். வாயில் சோற்றோடு கதை சொன்னார். நடுக்கடலில் ஒரு மூட்டை புகைந்ததாம். அதை எடுத்து வெளியே போட மருதப்பன் அடித்தட்டுக்குள் இறங்கினாராம். புகை அடித்து ஒரு நொடியில் போய்விட்டாராம். மேலே இருந்தவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். சொல்லி முடித்து விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் என் கையைப் பிடித்தபடியே, அடுத்த படகு எப்போது என்று அவரை விசாரித்தார்கள்.

கை கழுவிவிட்டு அவர் ஒரு துணிப் பொட்டலத்தை என் இஸ்திரி மேசைமேல் வைத்தார்.

"நாலே சட்டைதாம்மா. அவசரமில்ல. கரிதான் வந்துருச்சே."

நான் அதைத் தொடவில்லை. பின்கட்டுக்குப் போனேன். ரவூப் இன்னும் மூட்டையருகே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

ரோந்துப் படகு கண்ணில் பட்டதும், புகை வெளியே தெரியக்கூடாதென்று முத்துசாமி அடித்தட்டின் மூடியைச் சாத்தச் சொன்னாராம். ரோந்து போய்விட்டது. அப்போதும் திறக்க விடவில்லையாம். காற்று பட்டால் மொத்தச் சரக்கும் பற்றிக்கொள்ளும் என்றாராம்.

"உள்ளேருந்து தட்டிக்கிட்டே இருந்தாரு, அக்கா. எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

ரவூப் போன பிறகு மூட்டையைப் பிரித்தேன். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன்.

கணீரென்றது.