இக்னேசியஸுக்கு ஒரு பிளாஷ்

"இத அப்படியே கொண்டுபோய் மாட்டினா கமரா மௌத்துத்தான், அன்ரி," என்றான் ஜாபிர்.

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டியிருந்த அவனுடைய கமராக் கடையில் அப்போது வேறு ஆளில்லை. மேசைக்கு மறுபுறம் நின்ற யோசெப்பினுக்கு அறுபதை ஒட்டிய வயது. துவாயில் சுற்றி அவள் கொண்டுவந்திருந்த பழைய பிளாஷ் ஒரு செங்கல் கனம் இருந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த அவளுடைய அண்ணன் கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் இக்னேசியஸுக்குப் பிறந்தநாள். அவருடைய புது டிஜிட்டல் கமராவுக்கு இதைப் போடலாமா என்று கேட்கத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"ஏன், பொருந்தாதோ தம்பி?"

"பொருந்தும். கமராட தலையில சொருகினா மாப்பிள்ள மாதிரிப் போய் உட்காரும். அதான் வில்லங்கம்." மீற்றர் கம்பிகளை பிளாஷின் அடியில் வைத்துக் காட்டினான். "பாருங்க, இருநூறு வோல்ட்டுக்கு மேல போகுது. அந்தக் காலத்துக் கமரா தாங்கும். அங்கிள்ட கமராவுக்கு அஞ்சாறு வோல்ட்டே கூட."

யோசெப்பின் முகம் வாடியது. "அவருக்குக் கையில ஷொக் கிக் அடிக்காதோ?"

"அங்கிளுக்கு ஒண்டும் ஆகாது. கமராதான் போகும்."

"வடிவாத் தெரியுமோ?"

"நான் சொல்றன்தானே அன்ரி. அவருக்கு ஒரு சின்னச் சூடுகூடத் தெரியாது."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஜாபிருக்குச் சிரிப்பு வந்தது. அவன் மனைவி றஸ்மியா அவனுக்காகப் பக்கத்திலிருக்கும் பம்பலப்பிட்டி வரைக்கும்கூடப் போகமாட்டாள்.

"கொட்டாஞ்சேனையில இல்லாத கடையா? இவ்வளவு தூரம் வந்திரிக்கிறீங்களே."

"அங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆராவது சொல்லிப்போடுவினம். நான் குடுக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது."

"அங்கிள் குடுத்துவச்சவர். நல்லாப் படம் எடுப்பாரோ?"

"எடுப்பார். கொச்சிக்கடைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா மெழுகுதிரியை எடுப்பார். கறண்டுக் கம்பியில காகம் இருந்தா, அது பறக்கும்வரைக்கும் எடுப்பார். நான் வைக்கிற மீன்குழம்பை எடுப்பார், அது ஆறிப்போகும்வரைக்கும்."

"உங்கள எடுக்கமாட்டாரோ?"

"நான் அசையிறனாம்."

ஜாபிர் சத்தமாகவே சிரித்துவிட்டான். யோசெப்பின் சிரிக்கவில்லை. பிளாஷை மெதுவாகத் தடவியபடி கேட்டாள்:

"தம்பி, உது கட்டாயம் பழுதாகுமோ? சிலவேளை தப்பாதோ?"

"இந்தக் கமரா தப்பாது. முதல் அடியிலயே போகலாம், இல்லாட்டிப் பத்துப் படம் எடுத்தாப் பிறகு போகலாம். ஆனா போறது போறதுதான்."

"திருத்தேலாதோ?"

"உள்ளுக்க போர்ட் எரிஞ்சா என்னத்தைத் திருத்துற? வெளியில பார்த்தா ஒரு கீறலும் இராது. சாமான் மட்டும் முடிஞ்சுது."

"ஐயோ பாவம்," என்றாள் யோசெப்பின்.

அவளை இதற்கு மேல் பயப்படுத்த ஜாபிருக்கு மனம் வரவில்லை. உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தான். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டை இருந்தது.

"இதான் அடப்டர். கீழ கமரா, மேல பிளாஷ், நடுவில இது. பெரிய கரண்ட்டக் கமராவுக்குப் போக விடாம மறிச்சுப்போடும். கடையில கடைசியா இரிக்கிற ஒண்டு. உங்கட அன்புக்காக வாங்கின விலைக்கே தாறன். அங்கிள் ஆயுசு முழுக்கப் படம் எடுக்கலாம்."

"ஆயுசு முழுக்கவோ?"

"வேற என்ன?"

பிளாஷையும் அடப்டரையும் ஒரு பையில் போட்டு அவள் பக்கம் நகர்த்தினான். யோசெப்பின் அடப்டரை மட்டும் வெளியே எடுத்து, உடைந்துவிடாத கவனத்துடன் அவன் முன்னால் திருப்பி வைத்தாள்.

"இது வேண்டாம் தம்பி. பிளாஷை மட்டும் நல்ல பரிசுக் கடதாசியில சுத்தித் தாங்கோ."

"அன்ரி, நான் சொன்னது விளங்கேல்லையோ? இது இல்லாட்டிக் கமரா..."

"விளங்கினது. அண்ணனும் போகேக்கயே சொன்னவர், நிச்சயப்படுத்தத்தான் உங்களிட்ட வந்தனான்," என்றாள் யோசெப்பின். "பென்சன் எடுத்தாப் பிறகாவது மனிசன் என்னோட இருந்து ரெண்டு வார்த்தை கதைக்குமெண்டு பாத்திருந்தன். அந்தக் கமரா வீட்டுக்கு வந்த நாளிலயிருந்து, நான் அவரின்ர ஒரு கண்ணைத்தான் கண்டிருக்கிறன்."