வலைக்குள்ளே கைதட்டல்

“கொசு கடிச்சாச்சு, டெங்குவும் வந்தாச்சு. இனிமே உங்க தங்கச்சிக்கு எதுக்குங்க கொசுவலை?”

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவன் வாசலைப் பார்த்தான்.

“உடம்பு சரியில்லாதவ கேட்டுட்டா, விடேன்.”

“பாப்பாவுக்குன்னு வாங்கினது அது. வீட்டுல இருக்கிறதே ஒண்ணு.”

“கடையில எல்லாம் தீர்ந்து போச்சாம். சாயந்தரம் எப்படியாவது ஒண்ணு தேடி வாங்கிட்டு வர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

நாத்தனார் நேற்றுதான் விடுதியிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கினாள். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“அண்ணி, அந்தக் கொசுவலை எனக்கு வேணும்.”

பாப்பாவின் கட்டிலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போய்த் தன் அறையில் கட்டி, கதவையும் சாத்திக்கொண்டாள். எதற்கென்று கேட்க இவளுக்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அண்ணன் பிள்ளையை ஒரு தடவை வந்து தூக்கினாளா? ம்ஹும். ராத்திரிதான் போகட்டும், பட்டப்பகலிலும் வலைக்குள்ளேயே மகாராணி மாதிரி இருக்கிறாள்.

பாப்பாவின் கன்னத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. இந்தப் பிஞ்சுக்கும் டெங்கு வந்தால் யார் பதில் சொல்வது?

அப்போதுதான் அந்த அறையிலிருந்து சத்தம் கேட்டது. படார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் படார்.

கைதட்டுகிறாள். காலையில் டம்ளரைத் தூக்கக்கூடத் தெம்பில்லை என்றவள், இப்போது போனில் எவனோ அடிக்கும் கூத்தைப் பார்த்துக் கைதட்டுகிறாள். காய்ச்சலே நடிப்போ என்னவோ.

பாப்பாவை ஹாலில் விட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“போதும்மா உன் நாடகம். வலையைக் கொடு” என்று அதன் ஓரத்தைப் பிடித்தாள்.

“தூக்காதீங்க அண்ணி.”

போன் எட்டாத தூரத்தில் மேசைமேல் கிடந்தது. வலைக்குள் முழங்காலில் நின்றபடி அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கண் மட்டும் எதையோ துரத்திக்கொண்டிருந்தது.

“ஒரு கொசு எப்படியோ உள்ளே பூந்திருச்சு. என்னைக் கடிச்சும் வச்சிருச்சு” என்று கைகளை மறுபடி உயர்த்தினாள். “வெளியே போனா என் காய்ச்சலைக் கொண்டுபோய்ப் பாப்பாவுக்குக் கொடுத்துரும். அப்படி ஆகிடக் கூடாதுன்னுதானே வலையே கேட்டேன். கொஞ்சம் இருங்க அண்ணி, அடிச்சிடறேன்.”