ஆளில்லாச் சென்றி

“அண்ணன், உங்கட டயர் ரெண்டும் மொட்டையா இரிக்கே. மழைக்குள்ள எப்பிடி ஓடப்போறீங்க?”

கேட்டவன் ஹலீம், காத்தான்குடிக்காரன். புது வண்டி, புது ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. பந்தயக் கோட்டில் பக்கத்தில் நின்றவன் குனிந்து வேறு பார்த்தான்.

அழகரத்தினத்துக்குச் சுருக்கென்றது. பத்துப் பேர் கேட்கவா இதைச் சொல்ல வேண்டும்?

“அந்த டயருக்காகத்தான் தம்பி ஓட வந்திருக்கன்” என்றான் வெடுக்கென்று.

பொய்யில்லை. அது 2003 தைப்பொங்கல். சண்டை நின்று வருசம் ஒன்று ஆகப்போகிற சந்தோசத்தில் கல்லடி இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி வைத்திருந்தார்கள். கடற்கரை வீதியால் போய்ப் பெரிய வீதியால் திரும்பி மூன்று சுற்று. முதற்பரிசு, ஒரு சோடிப் புது டயர்.

அழகரத்தினம் தினமும் விடியக் காலை மீன்பெட்டி கட்டிக்கொண்டு கரடியனாறு வரை போய் விற்கிறவன். இந்த மாரிக்குள் இரண்டு முறை சறுக்கி விழுந்தாயிற்று.

“மூணாந்தரமும் விழுந்தா மீனும் வேணாம், ஒண்டும் வேணாம். வீட்டுல இரிங்க” என்று மனைவி சீதேவிப்பிள்ளை தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

விசில் ஊதினார்கள். நல்ல காலம், வெயில்.

முதல் சுற்றில் அழகரத்தினம்தான் முன்னுக்கு. எந்தப் பள்ளம், எந்தக் கிடங்கு எங்கே கிடக்கிறது என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். பின்னால் ஒட்டினாற்போல் ஹலீம்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

கடற்கரை வீதி முடிகிற இடத்தில் முன்பு ஆட்களை இறக்கிச் சோதிக்கிற ஆமிச் சென்றி ஒன்று இருந்தது. எடுத்து இரண்டு மாதமாகிறது. ஆமியும் மணல்மூட்டையும் போய்த் தார்ப்பீப்பா இரண்டு மட்டும் வீதியோரம் மிச்சம். பன்னிரண்டு வருசம் அழகரத்தினம் முதல் பீப்பாவடியில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டாம் பீப்பா வரை வண்டியை உருட்டி நடந்தவன். இந்த இரண்டு மாதத்திலும் எத்தனை நாள் வெறும் பீப்பாவுக்கு இறங்கினானோ, அவனுக்கே தெரியாது.

இன்றைக்கும் பீப்பாவைக் கண்டதும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். உருட்டத் தொடங்கினான்.

“அண்ணே! என்ன செய்றாய்? ஓடு, ஓடு!”

மதிலில் இருந்தவர்கள் முதலில் கத்தினார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் சுதாரித்து ஏறுவதற்குள் ஹலீமோடு சேர்த்து நாலு பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் பீப்பாவைக் கண்டதும் “இறங்காத, இறங்காத” என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டு போனான். மூன்று பேரைப் பிடித்தும் விட்டான். மிச்சம் ஹலீம் மட்டும்.

மூன்றாம் சுற்றில் மழை பிடித்தது. வாவிப் பக்கமிருந்து வந்து ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மொட்டை டயர் தார் வீதியில் ஆடத் தொடங்க, அழகரத்தினம் வேகத்தைக் குறைத்தான். ஹலீமோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனான்.

டயர் போச்சு என்று அழகரத்தினம் மனதைத் தேற்றிக்கொண்டான். வளைவில் திரும்பினால் கண்ணை நம்ப முடியவில்லை.

முதல் பீப்பாவடியில் ஹலீம் இறங்கி நிற்கிறான்! ஹெல்மெட்டைக் கழற்றுகிறான்! கொட்டுகிற மழைக்குள் தலை நனைய, ஆளில்லாத சென்றிக்கு முழு மரியாதையோடு வண்டியை உருட்டிக்கொண்டு போகிறான்!

அழகரத்தினம் அவனைத் தாண்டிப் போனான். பெரிய வீதிக்கு ஏறியபோது அங்கே மழையே இல்லை, வெயில். பிறகென்ன, முறுக்கினான். ஹலீம் இரண்டாவதாக வந்தான்.

ஹலீமைச் சுற்றி ஒரே கேலி.

“முதல் ரெண்டு சுற்றும் நல்லாத்தானே போனாய்?” என்றான் ஒருவன்.

“மழைக்குள்ள புத்தி தடுமாறிற்று” என்று தலையைத் துவட்டினான் ஹலீம்.

எல்லோரையும்விடக் கூடுதலாகக் கேலி செய்தவன் அழகரத்தினம்தான். தன் வெட்கத்தைப் பங்குபோட ஆள் கிடைத்த சந்தோசம் அவனுக்கு.

“என்ட வருத்தம் உனக்கும் தொத்திற்றா தம்பி? டயரைப் பத்திப் பெருசாக் கேட்டாய்!”

ஹலீம் சிரித்தான். “டயரை இண்டைக்கே மாத்திருங்க அண்ணன். மழை விடாது போல.”

அன்றைக்கே மாற்றினான். சீதேவிப்பிள்ளை புது டயருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாளும் மழை. வண்டி ஒரு சாண்கூடச் சறுக்கவில்லை. கரடியனாறுக்குப் போகுமுன் காத்தான்குடியில் முகைதீன்பாவா காக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு வழக்கம்போல் மீன் இறக்கினான். பந்தயக் கதையை நடித்தே காட்டினான். ஹலீம் உருட்டிய உருட்டைக் காட்டும்போது அவனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பன்னிரண்டு வருசப் பழக்கம் காக்கா! லேசில விடுமா?”

முகைதீன்பாவா சிரிக்கவில்லை. மீன் நிறுத்த தராசைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“ஹலீம் என்ட மச்சாண்ட மகன். எண்பத்தொன்பதில சவூதிக்குப் போனவன், வாப்பாட மௌத்துக்கும் வரல்ல. போன நோன்புப் பெருநாளைக்குத்தான் வந்து இறங்கினான். அந்தச் சென்றி போட்டதையும் அவன் காணல்ல, எடுத்ததையும் காணல்ல. அவனுக்கு எங்கயிருந்து வந்திச்சு, உருட்டுற பழக்கம்?”