ஊதா நிறத் தண்ணீர்

பெரிய வியாழனன்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டக் கோயிலில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவ வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த முதல் வருடமே பாதர் ஆல்டோ எழுதிய பட்டியலைப் பார்த்து ஞானசீலன் கங்காணி கொதித்தார்.

"என் பேரு இல்லையே சாமி! பூசைக்கே வராத மரியநாயகம் பேரு இருக்கு!"

"உங்க காலைக் காட்டுங்க."

தேய்த்துக் கழுவிவந்த கால் பளபளத்தது.

"நல்ல கால். அதனாலதான் வேணாம்."

பூசையில் பேசின் தண்ணீர் ஊதா நிறமாக இருந்தது. பாதர் ஒவ்வொரு காலையும் வெகுநேரம் கழுவினார்.

"ஏன் இந்த நிறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தவக்கால நிறம். அவங்க ஊர் வழக்கம்," என்று கங்காணி அடித்துச் சொன்னார்.

பூசை முடிந்ததும் தோட்டத்து மருந்துச்சாலை செல்வரத்தினம் வந்தார்.

"தண்ணியில கரைக்க நான் தந்த மருந்து காணுமோ, இன்னும் வேணுமோ பாதர்? மூண்டு மாசமாக் கூப்பிட்டும் இந்தப் பன்ரண்டு பேரும் என்னட்டக் கால் புண்ணைக் காட்ட வரேல்லையே!"

"இங்க எல்லாரும் வந்தாங்க. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கேன்."

கங்காணி திகைத்தார். "உங்க ஊர்ல இது ஒரு நாள்தானே சாமி?"

"அங்க ஒரு நாள்தான். இங்க புண்ணு ஆறுற வரைக்கும்."