ஐந்து சக்கரங்களிலும் திருப்தி

"மூணு சக்கரந்தான் சார் வண்டிக்கு" என்றாள் அவள், குற்றம் சொல்வது போல் ஆகிவிடக் கூடாதே என்று பாதிக் குரலில்.

வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தின் குமாஸ்தா நிமிரவில்லை. அவள் தாளை மேசைமேல் வைத்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

'பிரேக்: நான்கு சக்கரங்களிலும் திருப்தி.'

அவள் வாங்கப்போவதோ ஒரு பழைய ஆட்டோ.

வண்டியை விற்றுத் தரும் தரகரிடம் காட்டியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டெப்னியையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள், இதற்கெல்லாமா அலைவது என்றார். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரை அவள் பள்ளிக்கு ஏற்றிப் போக வேண்டும். பள்ளியில் தாளைக் கேட்பார்கள். அதுவும் போக, அவள் பெயர் எழுதி, சீல் குத்தி வந்த முதல் தாள் அது. அதில் ஒரு தப்பு இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மற்றபடி அவளுக்கு யார்மீதும் குறையில்லை. ஒரு வாரமாக நன்றி சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்து போயிருந்தாள். ஓட்டக் கற்றுத் தந்த நாத்தனாருக்கு. பிள்ளைகளை நம்பி அனுப்பச் சம்மதித்த தாய்மார்களுக்கு. எல்லோருக்கும் மேலாகத் தரகர் அண்ணனுக்கு.

வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகவே வேண்டாம், தாள் மட்டும் போய்வந்தால் போதும் என்று அவளுடைய ஒரு நாள் அலைச்சலை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பாலத்து இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, புதுக் கை, பயந்துவிடுவாய் தங்கச்சி என்று சமதரையில் மட்டும் ஓட்ட விட்டார்.

இன்றைக்கும் பாருங்கள், இந்த நிலையத்து வாசல் சரிவில் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்கு அரைச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தார். இந்தக் காலத்தில் இவ்வளவு கவனமாக ஒரு மனுஷனா என்று அவளுக்கு மனம் குளிர்ந்து போயிற்று.

"இதைப் படிச்சீங்களாம்மா?" என்றார் குமாஸ்தா.

நாலு தடவை படித்ததாக அவள் சொன்னாள்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். பல வருஷம் கடிதம் போட்டுப் போட்டு, முதல் பதிலைக் கொண்டுவந்த தபால்காரரைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்தார். அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"கை தவறிடுச்சும்மா, வேற எழுதித் தர்றேன்" என்றார், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளிக்கும் கேட்கும்படி சத்தமாக.

பிறகு குரலைத் தாழ்த்தி, பணம் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். இந்தத் தாள் கைக்கு வந்ததும் கொடுப்பதாகச் சொல்லி அவள் பையைத் தட்டிக் காட்டினாள். வண்டியில் யார் போவார்கள் என்றார். பிள்ளைகள் எட்டுப் பேர், அதில் ஒருத்தி என் பெண் என்றாள்.

பேனா கொஞ்ச நேரம் தாளைத் தொடாமல் நின்றது.

பிறகு நிதானமாக எழுதினார். உள்ளே எடுத்துப் போனார். முதலாளி போனைக் காதிலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமல், கையெழுத்தைப் போட்டு சீலைக் குத்தித் தள்ளிவிட்டார்.

"வெளிய பெஞ்சுல உக்காந்து ஒரு தடவை படிச்சிட்டு, அப்புறம் போங்கம்மா."

அவள் இரண்டு முறை நன்றி சொன்னாள். வெளியே வந்து, ஜன்னலை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள்.

'பிரேக்: ஐந்து சக்கரங்களிலும் திருப்தி.'

பிரேக் என்ற சொல்லுக்கு அடியில் அழுத்தமாக இரண்டு கோடுகள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், இந்த மனுஷருக்கு எண்ணவே வராதோ என்று நினைத்தாள். திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுந்தாள்.

வாசலில் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தரகர் சீக்கிரம் வா என்று கையைக் காட்டினார். அவர் காலடியில் செங்கல், முதுகைக் கொடுத்து வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அவள் அந்தச் செங்கல்லையே பார்த்தாள்.

பாலத்து இறக்கம் நினைவுக்கு வந்தது. இறக்கத்தின் முடிவில் எப்போதும் லாரிகள் போய்க்கொண்டிருக்கும் பெரிய சாலை. முன்சீட்டில் அவள், பின்னால் எட்டுப் பிள்ளைகள். பணப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நன்றி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாய்விட்டுச் சொன்னால் கண்ணாடித் தடுப்புக்குள் கேட்டுவிடும். ஒரு வாரமாகக் கண்டவர்களுக்கெல்லாம் வாரி இறைத்த சொல், சேர வேண்டியவரிடம் சேர வழியில்லாமல் நின்றது.

ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று கைகூப்பினாள். பெற்றவர்கள்கூடத் தனக்கு இப்படி ஒரு நல்லது செய்ததில்லை என்று பட்டது. கண் நிறைந்துவிட்டதில் அவர் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

குமாஸ்தா அவளை முன்பின் பார்த்தே இராதவர் போல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கையில் தாளோடு லாரிக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே குமாஸ்தா கேட்டது ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டது.

"உங்க வண்டிக்கு எத்தனை சக்கரம்?"