ஒற்றைச் சுவர்

சுவரில் யாரோ தட்டியதும் கிளீட்டஸ் பைபிள் வாசிப்பதை நிறுத்தினான்.

“பக்கத்து வீட்டுப் பரீது இக்காதான். நீங்க படிக்கிறது பிடிக்கல போல,” என்றாள் மனைவி ஷைனி.

மட்டாஞ்சேரியில் அவர்கள் குடியிருந்தது பரீதின் வாடகை வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். மிளகுக் கிடங்கில் வேலை போனதிலிருந்து, காலையில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை உரக்க வாசித்தால்தான் கிளீட்டஸுக்கு வெளியே இறங்கி வேலை தேடத் தெம்பு வரும்.

“மெதுவாப் படிங்க. வேலை போனது தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு.”

குரலைத் தணித்தான். தட்டல் பலமானது. மறுநாள் கிசுகிசுத்தான். சுவரே அதிர்ந்தது. பயந்துபோய் வாசிப்பதையே விட்டுவிட்டான்.

சில நாள் கழித்து ஒரு காலை பரீது வாசலில் வந்து நின்றார். கிளீட்டஸ் முந்திக்கொண்டான்.

“இக்கா, இனிமே சத்தமே வராது. வேற வேலை கிடைக்கிற வரைக்கும் காலி பண்ணச் சொல்லாதீங்க.”

“உனக்கும் வேலை போச்சா?” பரீது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “எம் மகன் நௌஃபலுக்கு துபாய்ல வேலை போச்சு. வந்ததுலேர்ந்து ஒருத்தர்கிட்டயும் பேசல. நீ படிக்கிறப்ப மட்டும் எழுந்து வந்து சுவர்ல சாஞ்சு உக்காருவான். இப்ப அதுவும் இல்ல, படுத்தே கிடக்கான். எனக்குப் பயமா இருக்கு.”

“அப்ப, சுவர்ல தட்டினது?”

“அவன்தான். கேக்கல, உரக்கப் படின்னு சொல்ல அவனுக்கு வாய் வரல மோனே.”