மாதையனின் பரீட்சை

ஐம்பது வயது மாதையன் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிட்டதில்லை. தத்துவம் சொல்லிக்கொடுத்த கைலாசத்துக்கு வயது இருபத்தாறுதான்.

"சீமையில ஒரு நாயம், நம்மூர்ல ஒரு நாயமுங்களே! உலகத்துக்கே பொதுவா ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா. எதிர்ல நிக்கறவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் சரி, அவன் எடத்துல நம்மள வெச்சுப் பாக்கணும். நாம அவனுக்குச் செய்யறத நமக்குச் செஞ்சா பொறுத்துக்குவமா? அதுதான் கேள்வி."

மாதையன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இத்தன வருசத்துல நான் ஒருக்காகூட அப்படிப் பாத்ததில்லீங்க."

"இனிமேப் பாருங்க. பரீட்சையே அதுலதான்."

மாலை மணி அடித்தது. கைலாசம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாதையன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தியவர், சற்றுத் தயங்கினார்.

"பூட்டட்டுங்களா, வாத்தியாரே?"

சர்க்காரை எதிர்த்துப் பேசி உள்ளே வந்திருந்த கைலாசத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பூட்டுங்கண்ணா. பரீட்சையில தேறிட்டீங்க!"

இருபத்திரண்டு வருஷ ஜெயில் வார்டர் உத்தியோகத்தில், மாதையன் ஒரு கைதியிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.